உங்களுக்குத் தெரியுமா? துப்பாக்கி உரிமத்துக்குச் சொத்து தேவையில்லை!

போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்தைக் காட்டி, இந்தியாவில் யாருக்கும் துப்பாக்கி உரிமத்தை மறுக்க முடியாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 14ஆவது பிரிவில் இதைத் தெளிவாகச் சொல்கிறது.

அப்படியானால் கேட்டவருக்கெல்லாம் உரிமம் கிடைத்துவிடாதா? கிடைக்காது. சட்டம் எடைபோடுவது பணத்தை அல்ல, ஆளின் பொறுப்பை, அதுவே நியாயமும்கூட. பொதுவாக 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். வன்முறைக் குற்றத்துக்காகச் சிறைத் தண்டனை பெற்றவர், தண்டனை முடிந்து 5 ஆண்டுகள் ஆகும்வரை துப்பாக்கி வாங்கவே கூடாது. விண்ணப்பித்தவரைப் பற்றிக் காவல் நிலையத்திடம் அறிக்கை கேட்கப்படும். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் பாதுகாப்புப் பயிற்சியையும் கட்டாயமாக்கின. சட்டத்தின் 2019 திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையைப் பொதுவாக 3இலிருந்து 2ஆகக் குறைத்தது.

உரிமம் தருவதா மறுப்பதா என்று முடிவு செய்யும் அதிகாரம் ஓர் அதிகாரியின் கையில் இருந்தால் தவறாகப் பயன்படாதா என்ற கேள்வியும் எழும். அதற்கும் சட்டத்தில் கடிவாளம் உண்டு: மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும், பொதுநலனுக்குக் கேடு இல்லையென்றால், கேட்பவருக்கு அதைச் சுருக்கமாகத் தரவும் வேண்டும். மறுப்பை எதிர்த்து மேல்முறையீடும் செய்யலாம். உயிரைப் பறிக்கும் கருவிக்கு இத்தனை கட்டுப்பாடும் தேவை. அவை ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.