ஏழாம் தளத்தில் நிற்காத லிஃப்ட்

நியூயார்க்கின் மன்ஹாட்டனில் ஒரு கல்லூரிக் கட்டடத்துக்கு விலாசமே பெயர்: 41 கூப்பர் ஸ்கொயர். கூப்பர் யூனியன் கல்லூரிக்காகத் தாம் மேய்னின் மார்ஃபசிஸ் நிறுவனம் வடிவமைத்து, 2009இல் திறக்கப்பட்ட ஒன்பது மாடிக் கட்டடம்.

ஏழாம் தளத்தில் வகுப்பு என்றால் மாணவர் எட்டில் இறங்கி ஒரு மாடி கீழே நடக்க வேண்டும். தரைத்தளத்தையும் சேர்த்து எண்ணினால், முக்கிய லிஃப்டுகள் 1, 5, 8 ஆகிய தளங்களில்தான் நிற்கும். வேண்டுமென்றே செய்த ஏற்பாடு இது. நடக்க இயலாதவர்களுக்கும் சாமான் ஏற்றுவதற்கும் எல்லாத் தளங்களிலும் நிற்கும் லிஃப்ட் தனியாக உண்டு.

மாடிகள் கூடினால் ஒவ்வொரு துறையும் தன் தளத்துக்குள் ஒதுங்கிவிடும். பொறியியல் மாணவர் ஓவிய மாணவரின் முகத்தைக்கூடப் பார்க்காமல் படிப்பை முடித்துவிடலாம். அதற்கு மேய்ன் கண்ட வழி, கட்டடத்தின் நடுவே நான்கு மாடி உயரத்துக்கு ஏறும் 20 அடி அகலப் படிக்கட்டு. வளைந்து நெளியும் வெள்ளைப் பின்னல் அதைச் சூழ்ந்திருக்கிறது. மேலிருந்து பகல் வெளிச்சம் இறங்குகிறது. ஏறுபவருக்கு வழிவிட்டு ஓரமாக உட்கார்ந்து பேசவும் இடமிருக்கிறது. ஒரு கல்லூரிக்கு வகுப்பறைக்கு அடுத்தபடியாகத் தேவை இப்படி ஓர் இடம்தான் என்பேன்.

இதே கல்லூரியின் பழைய கட்டடம் பக்கத்திலேயே இருக்கிறது, 1859இல் திறந்தது. நிறுவனர் பீட்டர் கூப்பர் அதைக் கட்டத் தொடங்கிய 1853இல், ஆட்களை ஏற்றிச்செல்லும் பாதுகாப்பான லிஃப்ட் புழக்கத்துக்கே வரவில்லை. எப்படியும் வந்துவிடும் என்று நம்பி அதற்கான கூண்டுவழியை அவர் விட்டுவைத்தார், அதுவும் வட்டமாக! 1970களில் கட்டடத்தைப் புதுப்பித்தபோது அதில் வட்டவடிவ லிஃப்ட்டே பொருத்தினார்கள்.

புதிய கட்டடத்தின் வெளிச்சுவர் கண்ணாடி. அதற்குச் சற்று முன்னால், துளையிட்ட துருப்பிடிக்காத எஃகுத் தகடுகள் இன்னொரு தோலாக நிற்கின்றன. கோடையில் வெயில் கண்ணாடியைத் தொடுமுன்பே அதன் பெரும்பகுதியைத் தகடு தடுத்துவிடும். குளிர்காலத்தில் உள்ளிருக்கும் சூடு வெளியேறுவதைக் குறைக்கும். சில தகடுகளைத் திறந்து மூடலாம் என்பதால், தெருவில் நின்று பார்த்தால் காலையில் கண்ட முகப்பு மாலையில் இருக்காது. உள்ளே, கூரைப் பலகைகள் வழியாகவே அறைகளைக் குளிர்விக்கவும் சூடேற்றவும் செய்கிறார்கள்.