ஹான்லேயில் கூடாரமும் ரிமோட் விளக்கும்

லடாக்கின் கிழக்கே, சாங்தாங் பீடபூமியில், சமுத்திர மட்டத்துக்கு மேல் 4,200 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் அமைந்த ஹான்லே கிராமத்துக்குச் சென்று கூடாரம் அடித்துத் தங்குகிறவர்களில் பெரும்பாலோர் ஆகாயத்தைப் பார்ப்பதற்கென்றே போகிறார்கள். அங்குள்ள வானாய்வுக்கூடத்தைச் சுற்றிய பிரதேசம் 2022-ஆம் ஆண்டு இறுதியில் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டபின், ஜன்னல்களுக்குத் திரையிடுவதும், வெளிவிளக்குகளுக்கு மறைப்பிடுவதும், இரவில் வரும் வண்டிகள் முன்விளக்கைத் தாழ்த்திக்கொள்வதும் அவ்வூரில் வழக்கமாகி வருகின்றன. அத்தகைய இடத்தில் கூடாரத்தின் வெளிவிளக்கை ரிமோட்டால் இயக்குவதை வெறும் சௌகரியம் என்று நான் கருதவில்லை. விளக்கு வேண்டாத கணத்திலேயே, இருந்த இடத்திலிருந்து, அதை அணைத்துவிட முடிகிறது என்பதே அச்சாதனத்தின் பிரதான குணம்.

இதன் அருமை நம் கண்ணின் அமைப்பை அறிந்தால் விளங்கும். மங்கிய ஒளியில் பார்ப்பதற்கென்று விழித்திரையில் அமைந்த கோல் செல்களிலே ரோடாப்சின் என்ற நிறப்பொருள் இருக்கிறது; பிரகாசமான வெள்ளை வெளிச்சம் பட்டதும் அது வெளுத்துப்போய், மறுபடி நிறைவதற்கு ஏறக்குறைய அரைமணி நேரம் ஆகிறது. ஆகவே, செருப்பைத் தேடுவதற்காக ஒருவர் ஒரு நிமிஷம் எரியவிட்ட விளக்கு, பால்வீதியைப் பார்த்தபடி பக்கத்தில் நிற்கும் அத்தனை பேருடைய பார்வையையும் அவ்வளவு நேரம் பறித்துவிடக்கூடும். அது பெரிய அநியாயம். ஆழ்ந்த சிவப்பு ஒளியைக் கோல் செல்கள் மிகக் குறைவாகவே உணர்கின்றன. ஆதலால் நிறம் மாறும் எல்.இ.டி. விளக்கை வாங்குவோர், ரிமோட்டில் சிவப்புக்குத் தனிப் பொத்தான் இருக்கிறதா, ஏற்றியவுடன் வெள்ளையில் தொடங்குகிறதா, அல்லது கடைசியாக வைத்த நிறத்திலேயே எரிகிறதா என்பதைக் கடையிலேயே ஏற்றிப் பார்த்துவிடுவது நலம். சிவப்பையும் மங்கலாகவே வைக்க வேண்டும்.

ரிமோட்டுகளில் ஒரு வகை, தொலைக்காட்சிப் பெட்டியோடு வருவதைப்போல, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரால் வேலை செய்கிறது. அக்கதிர் பெரும்பாலும் வினாடிக்கு 38,000 தடவை துடிப்பதும், விளக்கிலுள்ள ஏற்பி அத்துடிப்பை மட்டுமே பொருட்படுத்துவதும், மற்ற வெளிச்சங்களால் குழப்பம் நேராதபடி காக்கின்றன. ஆனால் ரிமோட்டுக்கும் விளக்குக்கும் நடுவே கனத்த துணி குறுக்கிட்டாலே கதிர் தடைப்படும். மற்றொரு வகை 433 மெகாஹெர்ட்ஸ் போன்ற ரேடியோ அலைகளை உபயோகிப்பது. ஏறக்குறைய எழுபது சென்டிமீட்டர் நீளமுள்ள அந்த அலைக்குக் கூடாரத் துணி ஒரு பொருட்டல்ல. உள்ளே படுத்தபடியே வெளிவிளக்கை அணைக்கலாம் என்பதால், முகாமுக்கு இதுவே உகந்தது என்பது என் அபிப்பிராயம். ஒரே மாதிரி விளக்குகள் பக்கத்துக் கூடாரத்திலும் இருந்து, இரண்டுக்கும் சங்கேத எண் ஒன்றாகவே அமைந்துவிட்டால், ஒருவர் அழுத்த மற்றவர் விளக்கு எரியும். ஒவ்வொரு ரிமோட்டுக்கும் தனி எண் உள்ள வகையை வாங்கினால் இச்சங்கடம் இல்லை. கைபேசியால் இயக்கும் விளக்குகளும் உண்டு. ஆனால் அந்தத் திரையின் வெளிச்சமே கண்ணைக் கெடுக்கும்.

விளக்கை உயரத்தில் தொங்கவிடாமல், முழங்கால் உயரத்தில், தரையைப் பார்த்தபடி, கூடாரக் கயிறும் முளையும் காலில் தட்டுப்படும் பக்கமாக வைப்பது போதுமானது.

ரிமோட்டின் கட்டளைக்காக ஏற்பி எப்போதும் விழித்திருக்க வேண்டியிருப்பதால், அணைந்த விளக்கும் சிறிது மின்சாரத்தை உண்டுகொண்டே இருக்கும். பிரயாணத்தின்போது விளக்கிலுள்ள மூல விசையையே அணைத்துவைக்க வேண்டும். குளிரும் கவனிக்கத்தக்கது. உறைநிலைக்குக் கீழான குளிரில் லித்தியம் அயனி பேட்டரிக்கு மின்னேற்றினால், உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரிக்கு நிரந்தரச் சேதம் உண்டாகலாம். ஆகையால் சூரிய ஒளியில் மின்னேறும் விளக்காயின், காலையில் சற்று வெதுவெதுப்பான பின்னரே வெயிலில் வைக்க வேண்டும். ரிமோட்டிலுள்ள சின்னஞ்சிறு பேட்டரியும் குளிரில் சோர்ந்துபோகும் என்பதால், அதை வெளியே விட்டுவைக்காமல், படுக்கும்போது சட்டைப்பையில் வைத்துக்கொள்வது உத்தமம்.