வேகம் தணிந்த கதை



நல்ல விளைச்சல் தந்த பயிரையே ஆண்டுதோறும் விதைத்தால் நிலம் சத்திழந்து போகும். பயிரை மாற்றினாலோ, பழைய விளைச்சல் கிடைக்குமா என்ற அச்சம் எழும். உழவனுக்கு நேரும் இந்த இக்கட்டு இசைக் கலைஞனுக்கும் நேர்வதுண்டு. பின்லாந்து நாட்டு இசைக்குழு ஒன்றின் வரலாறு இதற்குத் தக்க சான்று.

பின்லாந்தின் வடபகுதியில், போத்னியா வளைகுடாவின் கரையில் கெமி என்னும் சிறு நகரம் உள்ளது. 1996-ஆம் ஆண்டளவில் இந்நகரத்து இளைஞர் சிலர் ஒரு ராக் இசைக்குழுவைத் தொடங்கினர். அதுவே பின்னர் 'சொனாட்டா ஆர்க்டிகா' எனப் பெயர் பெற்றது. தம் நாட்டின் மூத்த குழுவாகிய ஸ்ட்ராட்டோவேரியஸின் இசை அவர்களைக் கவர்ந்தது. அதன் வழியே 'பவர் மெட்டல்' என்னும் இசைவகைக்கு அவர்கள் திரும்பினர். 1999-இல் வெளிவந்த 'எக்லிப்டிகா' என்னும் முதல் இசைத்தட்டு அவர்களுக்குப் புகழ் தேடித் தந்தது.

பவர் மெட்டல் என்பது யாது? முரசு வாசிப்பவர் இரு கால்களாலும் மிதிகட்டைகளை மாறி மாறி மிதித்துப் பெருமுரசை இடைவிடாது முழக்குவார். மின்கித்தாரும் கீபோர்டும் ஒன்றையொன்று துரத்துவன போல் விரைந்தோடும். பாடகரின் குரல் உச்ச நிலையில் ஒலிக்கும். பல்லவியோ, ஒருமுறை கேட்டவரும் உடன் பாடுமாறு எளிதாய் அமையும்.

இவ்வழியில் நான்கு இசைத்தட்டுகள் வெளிவந்தன. ஆயினும், குழுவின் பாடகரும் பாடலாசிரியருமான டோனி காக்கோவுக்கு ஒரே வகைப் பாடல்களைத் திரும்பத் திரும்ப இயற்றுவதில் சலிப்பு உண்டாயிற்று. அதன் விளைவே 2007-இல் வெளிவந்த 'உனியா'. பின்னிய மொழியில் இச்சொல்லுக்குக் 'கனவுகள்' என்பது பொருள்.

பெயருக்கேற்ப அதன் அமைப்பும் கனவு போன்றதே. வேகம் தணிந்தது. பல குரல்கள் அடுக்கடுக்காய் இணைந்து ஒலித்தன. எதிர்பார்த்த இடத்தில் பல்லவி வாராமல், பாடல் வேறு திசையில் திரும்பிற்று. விரைவையே விரும்பிய நேயர் பலர் ஏமாற்றமுற்றனர். வேறு சிலரோ, பன்முறை கேட்டபின் இதன் ஆழத்தை உணர்ந்து போற்றினர்.

கதை இத்துடன் முடியவில்லை. 2014-இல் 'பரையாஸ் சைல்ட்' என்னும் இசைத்தட்டில் குழுவினர் பழைய நடையை ஓரளவு மீட்டனர். 2022-இல் மின்கருவிகளின் ஆரவாரமின்றித் தம் பழைய பாடல்களையே மென்மையாக வாசித்து இரு தொகுதிகள் வெளியிட்டனர். 2024-இல் வந்த 'கிளியர் கோல்ட் பியாண்ட்' மீண்டும் விரைவை நாடிற்று.

அவ்வாறாயின் உனியா ஒரு பிழையா? அன்று என்றே கூறலாம். வேறு வழிகளில் நடந்து பார்த்தவனே தன் பழைய வழியைத் தானே விரும்பித் தேர்ந்துகொள்ள இயலும். வேறு வழி அறியாதவனுக்கு அது வெறும் பழக்கமே. ஆதலின், நண்பர்களே, நீங்கள் விரும்பும் கலைஞர் ஒருவர் புதுவழியில் செல்லும்போது உடனே தீர்ப்புக் கூறாதீர்கள். இன்னும் ஒருமுறை செவிகொடுத்துக் கேளுங்கள்.