பத்து நிமிஷப் பந்தி

முன்வாசலில் கூட்டம், வேண்டாம். வாங்க, பின்பக்கமாக நுழைந்துவிடலாம். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம், நார்த் பிளாட் ரயில் நிலையம், வருஷம் 1943, இரண்டாம் உலகப் போர்க் காலம். இந்தக் கட்டிடத்தை 1973-ல் இடித்துவிட்டார்கள் என்பதால் நம்முடையது கற்பனை டிக்கெட். ஆனால் உள்ளே நடப்பதெல்லாம் நிஜமாக நடந்ததுதான்!

அடேயப்பா, எத்தனை முட்டை! கல்யாண வீட்டுச் சமையல்கட்டேதான். ஒருத்தி முட்டை உரிக்கிறாள், இன்னொருத்தி ரொட்டியில் ஃபெசன்ட் என்கிற காட்டுக்கோழிக் கறியை வைத்து மூடுகிறாள். ஏப்ரனில் மாவு, நெற்றியில் வியர்வை, நடுவே ஊர்க்கதையும் சிரிப்பும். சர்க்கரைக்கும் காபிக்கும் ரேஷன் இருக்கிற காலம் இது. அந்த வரிசையாக நிற்கும் கேக்குகளைப் பாருங்கள், ஒவ்வொன்றும் வீட்டுப் பங்கில் மிச்சம் பிடித்த சர்க்கரை! சுற்றுவட்டாரத்தில் 125 ஊர்கள் முறை போட்டுக்கொண்டு வந்து சமைக்கின்றன. யாருக்கும் சம்பளம் கிடையாது, சாப்பிடுகிறவர்களிடமும் காசு வாங்குவதில்லை.

டெலிபோன் மணி. ரயில்வேக்காரர் சொல்வது ஒரே வரி: “காபி வைத்தாயிற்று.” சங்கேதம்! படைவீரர்கள் வரும் ரயிலின் நேரம் ராணுவ ரகசியம். அறையே பரபரக்கிறது. ஓரமாக ஒதுங்கி நில்லுங்கள்.

நீராவி எஞ்சின் தண்ணீர் பிடித்து, எண்ணெய் போட்டுக்கொள்ளப் பத்து நிமிஷம். அதற்குள் பந்தி முடிய வேண்டும். தடதடவென்று குதித்து ஓடிவருகிறார்கள், மீசைகூடச் சரியாக அரும்பாத பையன்கள். ஒருவன் நேரே பியானோவுக்குப் போய்விட்டான். “இன்றைக்கு யாருக்குப் பிறந்தநாள்?” என்று ஓர் அம்மா குரல் கொடுக்கிறார். தயங்கித் தயங்கி ஒரு கை உயர்கிறது. முழு கேக்கையும் அவன் கையில் வைத்துவிட்டார்! அவன் முகத்தைப் பார்த்தீர்களா? எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

பிளாட்பாரத்தில் கூடையோடு ஓடும் பெண்களிடம் இருப்பது சோளப்பொரி உருண்டை. உள்ளே மடித்த துண்டுச் சீட்டில் ஒரு பெயரும் விலாசமும். கடிதம் வளர்ந்து கல்யாணத்தில் முடிந்ததும் உண்டு.

விசில் ஊதியாயிற்று, ஓடுகிறார்கள். பாத்திரம் கழுவும் சத்தத்தினூடே இது தொடங்கிய கதையைச் சொல்லிவிடுகிறேன். 1941 டிசம்பர் 17. நெப்ராஸ்காப் படைப்பிரிவு ‘டி கம்பெனி’ இந்த வழியாகப் போகிறது என்று கேள்விப்பட்டு, பலகாரமும் பரிசுமாக ஊரே நிலையத்தில் காத்திருந்தது. வந்ததும் ‘டி கம்பெனி’தான், ஆனால் கான்சாஸ் மாநிலத்துப் பிள்ளைகள்! ஒரு கணம் திகைத்து, பிறகு கொண்டுவந்ததையெல்லாம் அவர்களுக்கே கொடுத்துவிட்டார்கள். கூட்டத்தில் இருந்தவர் மருந்துக்கடையில் வேலை பார்த்த 26 வயது ரே வில்சன். அவருடைய சகோதரர் நெப்ராஸ்காப் படையில் இருந்தார். வருகிற எல்லா ரயிலுக்கும் இதைச் செய்தால் என்ன என்று மறுநாளே உள்ளூர்ப் பத்திரிகைக்கு எழுதினார். கிறிஸ்துமஸ் அன்று கேன்டீன் திறந்துவிட்டது.

பணம்? அதிபர் ரூஸ்வெல்ட்டே 5 டாலர் அனுப்பினார். எனக்குப் பிடித்தது ஒரு சின்னப் பையனின் நன்கொடை: கால்நடை ஏலச் சந்தையில் தான் போட்டிருந்த சட்டையைக் கழற்றி ஏலம் விடுவான், கிடைத்ததைக் கேன்டீனுக்குக் கொடுப்பான். அடுத்த முறை வேறு சட்டை!

1946 ஏப்ரல் 1 வரை இப்படியே, சுமார் 12,000 பேர் வாழ்ந்த ஓர் ஊரின் ரயில் நிலையத்தில் சுமார் 60 லட்சம் பேருக்குப் பந்தி. எனக்கு இன்னும் பிரமிப்பு அடங்கவில்லை.

மறுபடி டெலிபோன்! காபி வைத்தாயிற்றாம். அந்த முட்டைக் கூடையை இப்படித் தள்ளுங்கள், நாமும் நாலு உரிப்போம்.