மணியின் துளையைப் பாருங்கள்

கீழடி அருங்காட்சியகத்துக்கு முதல் தடவை போகிறவர்கள் எழுத்து கீறிய பானை ஓடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். மறுபடி போகும்போதுதான் சூதுபவள மணிகள் கண்ணில் படும். மேட்டுப்பாளையத்தில் ரயிலேறி, கோவையில் மதுரை பஸ் பிடித்து இவ்வளவு தூரம் போகிற நமக்கு, அதே மாதிரி மணிகளைச் செய்த ஊர் பக்கத்திலேயே இருந்தது தெரிவதில்லை.

சென்னிமலைக்கு அருகே, நொய்யல் கரையில் இருக்கிறது கொடுமணல். பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் இதுதான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்கே அகழாய்வு செய்தது. உடைக்காத கல், செதுக்கிய கல், துளை போடாத மணி, மெருகேற்றாத மணி என வேலையின் எல்லாக் கட்டத்துப் பொருள்களும் கிடைத்தன. விற்க வந்த சரக்கு இப்படிக் கிடைக்காது. பட்டறைக் கழிவுதான் கிடைக்கும். பச்சைக்கல் காங்கேயம் பக்கத்துப் படியூரிலேயே உண்டு. சூதுபவளம் மட்டும் குஜராத் பக்கமிருந்து வந்திருக்க வேண்டும்.

அந்தக் கல் மண்ணிலிருந்து எடுக்கும்போது பெரும்பாலும் மங்கலான பழுப்பு நிறம். சாம்பலில் புதைத்து மெதுவாகச் சூடேற்றினால் உள்ளிருக்கும் இரும்புச் சத்து மாறிச் சிவக்கும். அவசரப்பட்டால் கல் வெடித்துவிடும். பிறகு செதுக்கி, தேய்த்து, துளை போட வேண்டும். கஷ்டமே அங்கேதான்.

மோஸ் அளவுகோலில் இந்தக் கல்லின் கடினம் கிட்டத்தட்ட 7. சாதாரண இரும்பு அதைக் கீறாது. குஜராத்தின் கம்பாத்தில் மணி செய்கிறவர்கள் துளைக்கும் கம்பியின் முனையில் பொடி வைரச் சில்லுகளைப் பதித்து, வில்லால் சுழற்றி, தண்ணீர் சொட்டவிட்டுத் துளைப்பார்கள். ஒரே பக்கமாகப் போட்டால் மறுமுனை சிதறும். அதனால் பாதி வரை துளைத்து, மணியைத் திருப்பிப் பிடித்து மறுபாதி. இரண்டும் நடுவில் சந்திக்கிற இடத்தில் மயிரிழை அளவு பிசகு விழும். பளிங்கு மணியாக இருந்தால் அதை வெளியிலிருந்தே பார்க்கலாம். கைவினைஞரின் கையெழுத்து என்று நான் நினைப்பது அந்தப் பிசகைத்தான்.

கொடுமணலில் கிடைத்தவற்றை வைக்க ஈரோட்டில் 22 கோடி ரூபாயில் நொய்யல் அருங்காட்சியகம் அமைப்பதாக 2025-26 தமிழக பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறார்கள். அங்கே பளபளக்கும் மாலைகள் பின்வரிசையில் இருக்கட்டும். வேலை முடியாமல் நின்றுபோன மணிகளை முன்னால் வையுங்கள், பக்கத்தில் ஒரு பூதக்கண்ணாடியோடு.