தண்ணீர் சேர்த்தது, தார்ச்சாலை பிரித்தது
வடக்கின் ஊராட்சிகள் – 9

போன வாரம் உட்சிரா தீவைப் பார்த்தோம். ஓசா ஹெல்கெசென் என்ற மருத்துவச்சி 1926-இல் நார்வேயின் முதல் பெண் ஊராட்சித் தலைவராகப் பொறுப்பேற்ற தீவு அது. அங்கே மக்கள்தொகை இருநூறைத் தாண்டினால் பெரிது. ஆனாலும் உட்சிரா இன்றுவரை தனி ஊராட்சியாகவே இருக்கிறது. அதைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு மக்கள் இருந்த தீஸ்ஃபியோர்டு ஊராட்சியோ 2019 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்துபோனது. பக்கத்து ஊராட்சியோடு முழுதாகச் சேர்க்கப்பட்டிருந்தால்கூட அதன் கதை இவ்வளவு சொல்லத் தேவைப்பட்டிருக்காது. தீஸ்ஃபியோர்டை நடுவில் வெட்டி, கிழக்குப் பாதியை நார்விக்குக்கும் மேற்குப் பாதியை ஹாமரோய்க்கும் கொடுத்துவிட்டார்கள்.

ஏன் வெட்டினார்கள் என்பது புரிய, முதலில் அந்த நிலத்தைப் பார்க்க வேண்டும். நார்வேயின் வட பகுதியில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே, நூர்லாண்ட் மாவட்டத்தில் இருக்கிறது தீஸ்ஃபியோர்டு. கடல் மலைகளுக்குள் புகுந்து பல கிளைகளாகப் பிரிந்து கிடக்கும் நீர்ப்பரப்பு. அதிகபட்ச ஆழம் 897 மீட்டர். நூர்லாண்டில் இதைவிட ஆழமான ஃபியோர்டு இல்லை. கிழக்குக் கரையில் ஷோப்ஸ்விக், மேற்குக் கரையில் ட்ராக். தெற்கே நீளும் ஒரு கிளையின் கடைசியில் ஹெல்லெமொபொட்ன் என்ற இடம். அங்கே கரையில் இறங்கி மலையேறினால் 6.3 கிலோமீட்டரில் சுவீடன் எல்லை வந்துவிடும். நார்வேயின் நிலப்பரப்பு மிகவும் ஒடுங்கிப்போகும் இடம் இதுதான்.

இந்த நிலத்தில் இருவகை மக்கள் வாழ்ந்தார்கள். ஃபியோர்டின் வாய்ப்பகுதியில் பெரும்பாலும் நார்வேஜியர்கள். உள்கிளைகளில் சாமி பழங்குடியின் ஒரு பிரிவான லூலே சாமி மக்கள். மீன்பிடித்தும் கொஞ்சம் ஆடு மாடு வளர்த்தும் வாழ்ந்த சாமி குடும்பங்கள் படகு கட்டுவதில் பேர்பெற்றவை. கலைமான் மேய்த்தவர்கள் பருவத்துக்குப் பருவம் மலையைத் தாண்டி இன்றைய சுவீடனுக்குப் போய்வந்தார்கள். 1751-இல் இரு அரசுகளும் எல்லைக்கோடு போட்டபோது, அந்த உடன்படிக்கையோடு ஒரு துணை ஆவணத்தையும் சேர்த்தார்கள். கலைமான்களோடு எல்லை கடக்கும் சாமிகளின் பழைய உரிமையை அது ஏற்றுக்கொண்டது. எல்லை வரைந்தவர்கள் அங்கே வாழ்பவர்களின் நடமாட்டத்தைக் கணக்கில் எடுத்த அபூர்வமான தருணம் அது. பின்னால் வந்தவர்களிடம் அந்தக் கவனம் பலமுறை தவறியது.

நார்வேயின் உள்ளாட்சிக்கு அடித்தளம் போட்டது 1837 ஜனவரி 14-ஆம் தேதி இயற்றப்பட்ட சட்டங்கள். திருச்சபைப் பங்குகளின் எல்லையை ஒட்டியே நாடெங்கும் ஏறக்குறைய 400 ஊராட்சிகள் உருவாயின. ஒவ்வொன்றிலும் மூன்று முதல் ஒன்பது பேர் கொண்ட ஒரு செயற்குழு. அதைப்போல மூன்று மடங்கு பிரதிநிதிகள். தலைவர் பதவிக்கு ஆயுள் ஓராண்டுதான். பள்ளிக்கூடம், ஏழைகள் பராமரிப்பு, ஊர்ச்சாலை என்று எதற்குப் பணம் செலவழிப்பது என்பதை உள்ளூர்க்காரர்களே முடிவு செய்யலாம் என்றது சட்டம். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அன்று கேள்விப்படாத ஏற்பாடு.

ஆனால் அந்த உள்ளூர்க்காரர்கள் யார் என்பதில்தான் சிக்கல். நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கத் தகுதி உள்ளவர்களுக்கு மட்டுமே இங்கும் வாக்கு. கிராமப்புறத்தில் பதிவேட்டில் ஏறிய நிலத்தைச் சொந்தமாகவோ குத்தகைக்கோ வைத்திருந்த ஆண்களும் அரசு அதிகாரிகளும்தான் அந்தத் தகுதிக்குள் வந்தார்கள். பண்ணையில் குடிசை போட்டு உழைத்தவர்கள், வேலையாட்கள், நிலமில்லாத மீனவர்கள் எல்லோரும் வெளியே. எல்லா ஆண்களுக்கும் வாக்கு வர 1898 ஆனது. பெண்களில் ஓரளவு வருமானம் காட்டியவர்களுக்கும் அப்படிப்பட்டவர்களின் மனைவியருக்கும் உள்ளாட்சி வாக்குரிமை 1901-இல் வந்தது. மற்ற பெண்கள் 1910 வரை காத்திருந்தார்கள்.

தீஸ்ஃபியோர்டு முதலில் லோடிங்கன் ஊராட்சியின் ஒரு பகுதி. 1869-இல் தனியாகப் பிரிந்தது. அப்போது மக்கள்தொகை சுமார் 1,400. அந்தக் காலம் பிரிவினைகளின் காலம். ஒரு கூட்டத்துக்குப் போக நாள் முழுக்கத் துடுப்புப் போட வேண்டிய நாட்டில், பெரிய ஊராட்சியைவிடச் சின்ன ஊராட்சியே நல்லது என்று மக்கள் நினைத்தார்கள். பிரிந்து பிரிந்து 1930-இல் ஊராட்சிகளின் எண்ணிக்கை 747-க்கு ஏறியது.

1869-இல் போட்ட அந்த எல்லையை நான் ஒரு நல்ல எல்லை என்றே சொல்வேன். ஃபியோர்டின் இரு கரைகளும், அதன் கிளைகளும், முதுகில் இருக்கும் மலைகளும் ஒரே ஊராட்சிக்குள் வந்தன. இன்றைக்கு வரைபடத்தில் பார்த்தால் நடுவில் பெரிய நீர்ப்பரப்போடு அது விநோதமாகத் தெரியும். அன்றைக்கு நடுவில் இருந்த அந்த நீர்தான் அவர்களுடைய தெரு. தேவாலயத்துக்கு, கடைக்கு, கல்யாணத்துக்கு, ஜனவரியில் லோஃபோட்டன் கடலுக்குக் காட் மீன் பிடிக்க, எங்கே போவதானாலும் படகில்தான் போனார்கள். மலைக்குப் பின்னால் இருப்பவன் அந்நியன். எதிர்க்கரையில் இருப்பவன் அண்டை வீட்டுக்காரன்.

அந்த நாளைய ஊராட்சிகளின் வேலைகளில் மனதை அதிகம் உறுத்துவது ஏழைகள் பராமரிப்பு. கதியற்ற முதியவர்களையும் நோயாளிகளையும் பண்ணை பண்ணையாக முறைவைத்து அனுப்புவார்கள். இந்தப் பண்ணையில் சில நாட்கள், அடுத்ததில் சில நாட்கள் என்று ஒரு மனிதரின் கடைசிக் காலம் நகர்ந்துகொண்டே போகும். பண்ணை எவ்வளவு பெரிதோ அவ்வளவு நாட்கள் சோறு போட வேண்டும் என்று கணக்கு. பணப்புழக்கம் இல்லாத ஊருக்கு அதுவே சாத்தியமான வழி என்று வாதிடலாம். ஆனாலும் படுக்கையில் கிடந்தவர்களையும் ஓரிடத்தில் நிலையாக வைக்காத முறை அது. 1900-ஆம் ஆண்டின் சட்டம்தான் அதற்கு முடிவு கட்டியது. இன்று அதே ஊராட்சிகள் முதியோர் இல்லத்தையும் வீட்டுக்கு வந்து பார்க்கும் செவிலியரையும் நடத்துகின்றன. நார்வே உள்ளாட்சி நடந்துவந்த தூரத்தை அளக்க எனக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்கவில்லை.

முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் ஷோப்ஸ்விக்கின் தலையெழுத்து மாறியது. அங்கே மலையே சுண்ணாம்புக்கல். கரையை ஒட்டியே ஆழமான நீர் இருப்பதால் கப்பல் நேராக வந்து நிற்கும். சிமென்ட் ஆலை வந்தது. ஆலையைச் சுற்றி ஊர் வந்தது. மாதச் சம்பளமும் தொழிற்சங்கமும் வந்தன. நார்வேயில் சிமென்ட் தயாராவது இரண்டே இடங்களில். ஒன்று தெற்கே பிரேவிக், இன்னொன்று இந்த ஷோப்ஸ்விக். ஊராட்சி அலுவலகமும் இங்கேதான் இருந்தது. மெல்ல மெல்ல ஃபியோர்டின் எடை கிழக்குக் கரைப் பக்கம் சாய்ந்தது.

ஜெர்மானியர் ஆக்கிரமித்த 1940-இல் உள்ளாட்சியின் உயிர்நாடியையே அறுத்தார்கள். அந்த டிசம்பரில் வந்த ஆணை, தேர்ந்தெடுத்த மன்றங்களின் அதிகாரத்தைப் பறித்தது. மேலிடம் நியமிக்கும் தலைவர் ஒருவரே எல்லாவற்றையும் முடிவு செய்யலாம் என்றது. தீஸ்ஃபியோர்டில் அந்த ஆண்டுகளில் நடந்த முக்கியமான காரியங்கள் எந்த மன்றத்தின் குறிப்பேட்டிலும் ஏறியிருக்காது. அகதிகளும் தப்பி வந்த கைதிகளும் ஃபியோர்டு வழியாக உள்ளே கொண்டுவரப்பட்டு, மலையைத் தாண்டி சுவீடனுக்கு அனுப்பப்பட்டார்கள். வழிகாட்டியவர்களில் பலர் அந்த மலையைத் தலைமுறைகளாக அறிந்த சாமிகள். பிடிபட்டால் சாவுதான் என்று தெரிந்தே போனார்கள். போர் முடிந்த பிறகு அவர்களுக்குக் கிடைத்த மரியாதை மிகக் குறைவு. அது வந்து சேரவும் வெகுகாலம் ஆனது.

1946-இல் நிக்கோலாய் ஷெய் தலைமையில் ஊராட்சிகளை இணைக்க ஒரு குழு அமைந்தது. அதன் வேலையால் 1960-களின் இறுதிக்குள் எழுநூற்றுச் சொச்சம் ஊராட்சிகள் நானூற்றைம்பது அளவுக்கு இறங்கின. தீஸ்ஃபியோர்டு தப்பியது. ஆனால் எதிராளி வேறு உருவில் வந்துகொண்டிருந்தான்: சாலை.

தெற்கிலிருந்து வடக்கே போகும் ஈ-6 நெடுஞ்சாலை இந்த ஃபியோர்டின் குறுக்கே வந்து நிற்கிறது. மேற்குக் கரையில் போக்னெஸ் என்ற இடத்தில் வாகனங்கள் வரிசை கட்டி நின்று, படகேறி, எதிரே ஸ்கார்பெர்கெட்டில் இறங்கிப் பயணத்தைத் தொடர்கின்றன. நார்வேயின் நெடுக ஓடும் அந்தச் சாலையில் இன்று மிச்சமிருக்கும் ஒரே படகுத்துறைப் பயணம் இது. ட்ராக்கிலிருந்து ஷோப்ஸ்விக்குக்குத் தனிப் படகு, ஏறக்குறைய முக்கால் மணி நேரம். பிற்பாடு ஷோப்ஸ்விக்கிலிருந்து ஸ்டேடின் மலையடிவாரம் வழியாகச் சுரங்கப்பாதைகளோடு ஒரு சாலை போட்டார்கள். அதோடு கிழக்குக் கரைக்காரர்கள் படகேறாமலே நார்விக் போக வழி பிறந்தது. மேற்குக் கரைக்காரர்களுக்கோ ஹாமரோய் காரில் போகும் தூரத்தில்.

அந்த நாளைய நிலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ட்ராக்கில் இருப்பவர் தன் ஊராட்சி அலுவலகத்துக்குப் போகப் படகு நேரம் பார்க்க வேண்டும்; அடுத்த ஊராட்சிக்குப் போக அது வேண்டாம். இரண்டாயிரம் பேருக்கு இரு கரைகளிலும் பள்ளி வேண்டும், மருத்துவர் வேண்டும், முதியோர் பராமரிப்பு வேண்டும். வருமான வரியில் கிடைக்கும் பங்கும் அரசு மானியமும் இந்த இரட்டைச் செலவுக்குப் போதாது. ஒவ்வொரு வரவு செலவுக் கூட்டத்திலும் எந்தக் கரைக்கு என்ற கேள்வி வந்தே தீரும். ஒரு நூற்றாண்டுக்கு முன்னால் இவர்களைச் சேர்த்துவைத்த அதே நீர் இப்போது இடையில் நின்றது. மோஸ்கே என்ற சாமி கிராமத்துக்கு இன்னும் சாலையே கிடையாது. போகவும் வரவும் படகுதான். சாலையை வைத்துக் கணக்குப் போடும் நிர்வாகத்தில் அப்படிப்பட்ட ஊர் எப்போதும் கடைசியில்தான் வரும்.

இத்தனை இழுபறிக்கு நடுவிலும் அந்த ஊராட்சி தனக்கென்று ஒரு முகத்தைச் செதுக்கிக்கொண்டது. அதன் சின்னத்தில் இருந்தது ஒரு சிங்கிறால். உலகில் சிங்கிறால் வாழும் வடகோடி நீர்களில் தீஸ்ஃபியோர்டு ஒன்று. இங்குள்ளவை மரபணுவிலேயே மற்ற ஐரோப்பிய சிங்கிறால்களிலிருந்து வேறுபட்டவை என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். 1,392 மீட்டர் உயரத்துக்குக் கடலிலிருந்து செங்குத்தாக எழும் ஸ்டேடின் 2002-இல் நார்வேயின் தேசிய மலையாக அறிவிக்கப்பட்டது. 1910-இல் அதன் உச்சியை முதலில் எட்டிய மூவரில் ஒருவரான கார்ல் வில்ஹெல்ம் ரூபென்சன், அதற்கு மூன்றாண்டு முன்னால் சிக்கிம் எல்லையில் காப்ரு சிகரத்தில் ஏறிப் பார்த்தவர்.

எல்லாவற்றையும்விடப் பெரிய காரியம் மொழி விஷயத்தில் நடந்தது. பல தலைமுறைகளாகச் சாமி பிள்ளைகள் விடுதிப் பள்ளியில் தாய்மொழியை விட்டுவிடப் பழக்கப்பட்டிருந்தார்கள். லூலே சாமி பேசுவோர் நார்வேயில் சில நூறு பேர் என்ற நிலை. 1994-இல் ட்ராக்கில் ஆர்ரான் என்ற லூலே சாமி மையம் திறந்தது. 2006-இல் தீஸ்ஃபியோர்டு சாமி மொழி நிர்வாகப் பகுதியில் சேர்ந்தது. லூலே சாமி பகுதியில் அப்படிச் சேர்ந்த முதல் ஊராட்சி. ஊராட்சி அலுவலகத்தில் சாமியில் மனு கொடுக்கலாம், சாமியிலேயே பதில் பெறலாம் என்பது சட்டபூர்வ உரிமையானது. 2010-இல் திவ்தஸ்வுவொட்னா என்ற சாமிப் பெயரும் அதிகாரபூர்வமானது.

கசப்பான ஒன்றையும் மறைக்கக் கூடாது. 2016-இல் இங்குள்ள பெண்களும் ஆண்களும் தாங்கள் அனுபவித்த பாலியல் கொடுமைகளைப் பத்திரிகையில் வெளிப்படையாகச் சொன்னார்கள். அடுத்த ஆண்டு வந்த காவல்துறை அறிக்கை, பல பத்தாண்டுகளில் நடந்த 151 சம்பவங்களைப் பட்டியலிட்டது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பகுதியினர் சாமிகள். தன் கடமையில் தவறியதற்காகக் காவல்துறை மன்னிப்புக் கேட்டது. அதிகாரிகளை நம்ப முடியாத ஒரு சமூகத்தில் குழந்தைகள் யாரிடம் போய்ச் சொல்வார்கள்? உள்ளாட்சி என்ற ஏற்பாடே பக்கத்தில் இருப்பதற்காக வந்தது. மிகவும் பக்கத்தில் இருக்க வேண்டிய நேரத்தில் அது தொலைவில் இருந்தது என்பதுதான் அந்த அறிக்கையைப் படிக்கும்போது நெஞ்சை அழுத்துகிறது.

2014-இல் எர்னா சூல்பர்க் அரசு புதிய ஊராட்சிச் சீர்திருத்தத்தைத் தொடங்கியது. 2017 ஜூனில் நாடாளுமன்றம் முடிவெடுத்தது: 119 ஊராட்சிகள் சேர்ந்து 47 ஆகும், நாட்டின் மொத்த எண்ணிக்கை 428-லிருந்து 356 ஆகும். தீஸ்ஃபியோர்டு இரண்டாக வெட்டப்படும். ஷோப்ஸ்விக், சிமென்ட் ஆலை, ஸ்டேடின் மலை எல்லாம் நார்விக்கோடு. ட்ராக், மோஸ்கே, ஹெல்லெமொபொட்ன் எல்லாம் ஹாமரோயோடு. கடனையும் சொத்தையும் ஊழியர்களையும் இரண்டாகப் பிரிக்க வேண்டியிருந்தது. 150 ஆண்டு வாழ்ந்த ஓர் அமைப்புக்கு நடந்த பாகப்பிரிவினை அது.

போக்குவரத்துக் கணக்கில் அந்த முடிவு சரிதான் என்பதை நான் மறுக்கவில்லை. மேற்குக் கரைக்காரருக்கு அலுவலகம் பக்கத்தில் வந்தது. சாமி மக்கள் அடர்ந்து வாழும் ஊர்களும் ஆர்ரான் மையமும் ஒரே ஊராட்சிக்குள் நின்றன. சாமி மொழிக் கடமை புதிய ஹாமரோய்க்கு வந்தது, ஹாப்மெர் என்ற சாமிப் பெயரும் அதனோடு சேர்ந்தது. ஆனால் கிழக்குக் கரையில் வாழும் சாமி குடும்பங்கள் இப்போது இருபதாயிரம் பேருக்கு மேற்பட்ட நார்விக்கில் ஒரு சிறு மூலை. ஷோப்ஸ்விக் தொழிலாளி முன்பு தெருவில் நிறுத்திக் கேள்வி கேட்ட தலைவர் இப்போது நூறு கிலோமீட்டர் அளவு தொலைவில் இருக்கிறார். சாலையை மட்டும் வைத்து எல்லை போட்டபோது, இரு கரைகளுக்கும் இடையே இருந்த உறவுமுறைக்கும் மொழிக்கும் எந்த எடையும் போடவில்லை. அதை நான் குறையாகவே பார்க்கிறேன்.

சாமி பிள்ளைகளைத் தாய்மொழியை விடச் செய்த நார்வேஜியமயமாக்கல் பற்றி ஆராய்ந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2023 ஜூனில் அறிக்கை கொடுத்தது. 2024 நவம்பரில் நாடாளுமன்றம் சாமி மக்களிடம் மன்னிப்புக் கேட்டது. அந்த மன்னிப்பு நடைமுறையில் என்ன ஆகிறது என்பதை இனி ஹாமரோய், நார்விக் மன்றங்களின் வரவு செலவுத் திட்டங்களில்தான் பார்க்க வேண்டும்: லூலே சாமி ஆசிரியருக்கு எவ்வளவு, மோஸ்கே படகுக்கு எவ்வளவு, சாமி பேசும் செவிலியருக்கு எவ்வளவு என்று.

தீஸ்ஃபியோர்டு திரும்பி வரும் என்று யாரும் பேசவில்லை. ஆனால் அதே 2020-இல் ஓலெசுண்ட் நகரத்தோடு சேர்க்கப்பட்ட ஹாராம் என்ற ஊராட்சி, மல்லுக்கட்டி 2024 ஜனவரி 1-ஆம் தேதி மீண்டும் தனியாக வந்துவிட்டது. அதை எப்படிச் சாதித்தார்கள் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)