விடியும்வரை காத்திருந்த வலி

ஆதிதிராவிடர் நல விடுதி ஒன்றில் தங்கி 8ஆம் வகுப்பு படித்த மாணவனை அவன் வீட்டில் சந்தித்தோம். அன்றிரவு 2 மணிக்கு விதையில் எழுந்த வலி அவனை எழுப்பியிருக்கிறது. கூச்சத்தில், பக்கத்தில் படுத்திருந்தவனிடம் ‘வயிறு வலிக்குது’ என்று மட்டும் சொன்னான். இரண்டு முறை வாந்தி. இரவில் காப்பாளர் தங்குவதில்லை, காவலரும் இல்லை. 108-ஐ அழைக்க யாரிடமும் செல்போன் இல்லை. காலையில் வந்த சமையலர் வயிற்றுவலி மாத்திரை வாங்கித் தந்தார். செங்கல் சூளையிலிருந்து அப்பா வந்து அரசு மருத்துவமனையில் சேர்த்தபோது மாலை 4 மணி. விதை கறுத்துப்போயிருந்தது. அதை எடுத்துவிட்டார்கள்.

இதை விதை முறுக்கம் என்கிறார்கள். விதைக்கு ரத்தம் கொண்டுபோகும் நாளம் கயிறுபோலத் திருகி அடைபடுகிறது. அடிபட வேண்டும் என்றில்லை, தூக்கத்திலும் வரும். 12 முதல் 18 வயதில்தான் அதிகம். நம் விடுதிகளில் இருப்பதும் இந்த வயதுப் பையன்கள்தானே! 6 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடந்தால் பெரும்பாலும் விதை பிழைக்கும். 12 மணி நேரமானால் வாய்ப்பு ஏறக்குறைய பாதி; ஒரு நாள் கடந்தால் மிகச் சொற்பம். மாத்திரையாலும் எண்ணெய் தடவுவதாலும் முறுக்கு அவிழாது. வயிற்றுவலி, வாந்தி என்று சொல்லும் பையனிடம் ‘கீழேயும் வலிக்கிறதா?’ என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும்.

‘நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு ஆகுமா?’ என்று அவன் அம்மா நம்மிடம் தனியே அழைத்துக் கேட்டார். ஆகும். நல்ல விதை ஒன்றே ஆண்மைக்கும் குழந்தைப் பேற்றுக்கும் போதும். அதுவும் முறுக்கிக்கொள்ளாதபடி அதே அறுவையில் தைத்து நிறுத்தியிருக்கிறார்கள். வீக்கம் வடிய ஓரிரு வாரம் ஆனது. சைக்கிள், கபடி சில வாரங்களுக்குக் கூடாது. பிறகு எல்லாப் பையன்களையும்போல ஓடலாம். மறுபடி திடீர் வலி வந்தால், தையல் போட்டிருக்கிறதே என்று இருந்துவிடாமல் உடனே போக வேண்டும்.

காப்பாளரிடம் பேசினோம். இரண்டு விடுதிகளுக்கு அவர் ஒருவரே பொறுப்பாம். இரவுக் காவலர் பணியிடம் காலி என்றார். அதை நிரப்புங்கள், இரவில் எடுத்துப் பேச ஒரு செல்போன் வையுங்கள் என்றுதான் பெற்றோர் மனு கொடுத்திருக்கிறார்கள். பதில் வரவில்லை.

பையன் பள்ளிக்குத் திரும்பிவிட்டான். சக மாணவர்களின் கேலிக்குப் பயந்து விடுதிக்கு மட்டும் போகவில்லை. தினமும் இரண்டு பஸ் மாறிப் போய் வருகிறான்.